ஞாயிறு முடிந்த பிறகு தொடங்கும் சாட்சி

தோட்டத்தில் தாத்தா இறந்தபோது எனக்கு எட்டு வயது. துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது நம் வழக்கம். மூன்று நாளும் எங்களுக்குச் சோறு வந்தது பக்கத்து வீட்டிலிருந்துதான். சமைத்துக் கொண்டுவந்தவர் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தவர். லயத்தில் எல்லாரும் அவரை ‘வேதக்கார ஆயா’ என்றே அழைப்போம். எங்கள் சடங்குகளில் அவர் கலந்துகொள்ளவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, வந்தவர்கள் குடித்த காப்பிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்றைப் பாட்டி பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். தாத்தா குடித்தே கடன்பட்டவர். ஒரு முறை பாட்டியின் தாலியும் டவுன் அடகுக்கடைக்குப் போனது. அன்று துணைக்குப் போனவர் அந்த ஆயாதான். லயத்து வீடுகளுக்கு இடையில் இருப்பது ஒரு பலகைச் சுவர். யார் வீட்டில் சண்டை என்பது காலைப் பெரட்டுக்கு முன்பே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தாலி விஷயம் மட்டும் கடைசிவரை வெளியே வரவில்லை.

“அவ வாயத் தொறந்திருந்தா, நான் அந்த லயத்துல தலை நிமிந்து நடந்திருக்க முடியாதுப்பா” என்றார் பாட்டி.

அந்த ஆயா எங்கள் வீட்டில் யாருக்கும் வேதம் படித்துக் காட்டியதில்லை. ஆனாலும் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டில் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்தான். இதைத்தான் கிறிஸ்தவர்கள் ‘சாட்சியாக வாழ்வது’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? அன்றாட வாழ்வில் அது எப்படி இருக்கும்?

சாட்சி என்ற சொல்

‘சாட்சி’ வடமொழி வழியாக வந்த சொல். ‘கண்ணால் கண்டவர்’ என்பது அதன் அடிப்படைப் பொருள். மலாய்மொழியில் நீதிமன்றச் சாட்சியைச் ‘சக்சி’ என்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கு ‘மார்த்துஸ்’ என்று பெயர். நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவர்களையும் பின்னாளில் அதே சொல்லால் குறித்தார்கள். அதனால்தான் தமிழில் அவர்களைக் கத்தோலிக்கர் ‘மறைசாட்சி’ என்றும், சீர்திருத்தச் சபையினர் ‘இரத்தசாட்சி’ என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் ‘சாட்சி’ இருப்பதைக் கவனிக்கலாம்.

சபைகளில் ‘சாட்சி சொல்வது’ என்று ஒரு வழக்கம் உண்டு. தனக்குக் கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்வது அது. ‘சாட்சியாய் வாழ்வது’ வேறு. ஒருவர் பேசாதபோதும், அவர் யாரை நம்புகிறார் என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுவது. முன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போதும். பின்னதற்கு மற்ற ஆறு நாளும் வேண்டும்.

செயல் இல்லாத நம்பிக்கை

இந்தக் கருத்தை மிக நேரடியாகப் பேசுவது புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபின் கடிதம். மொத்தம் ஐந்தே அதிகாரம்.

அதில் ஓர் எளிய காட்சி வருகிறது. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாமல் ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்கு ஒன்றும் கொடுக்காமல், நன்றாகச் சாப்பிட்டுக் குளிர்காயும்படி வாழ்த்தி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். செயல் இல்லாத நம்பிக்கை செத்ததுதான் என்பது அவருடைய தீர்ப்பு.

இதில் சபைகளுக்குள் நெடுங்கால விவாதம் உண்டு. மனிதர் மீட்படைவது நம்பிக்கையாலா, செயலாலா என்பதே கேள்வி. நம்பிக்கையை முன்னிறுத்திய மார்ட்டின் லூத்தர், 1522இல் இந்தக் கடிதத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு எழுதினார். ஆனால் நம்பிக்கையைப் பற்றி அதிகம் பேசிய பவுலே, கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அன்பின் வழியாகச் செயல்படும் நம்பிக்கைதான் முக்கியம் என்கிறார். நல்ல செயல் கடவுளிடம் கொடுக்கும் கட்டணம் அல்ல, நம்பிக்கை உயிரோடு இருப்பதன் அடையாளம். சபைகள் பலவும் இன்று ஒப்புக்கொள்ளும் நிலை இது. மரம் உயிரோடு இருந்தால் பால் கசியும். பால் வெட்டியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எந்தச் செயல் என்ற கேள்விக்கு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் பதில் தருகிறது. பசித்தவருக்கு உணவு, தாகமுள்ளவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு ஆடை, நோயாளிக்குக் கவனிப்பு, சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது என ஆறு செயல்களை இயேசு சொல்கிறார். இறந்தவரை அடக்கம் செய்வதையும் சேர்த்து ஏழாகக் கணக்கிடுவது கத்தோலிக்க மரபு. இவற்றில் ஒன்றுகூட ஆலயத்துக்கு உள்ளே மட்டும் செய்யும் காரியம் அல்ல.

நாக்கு என்னும் சிறு நெருப்பு

செயலைப் பற்றிப் பேசிய அதே யாக்கோபு, மூன்றாம் அதிகாரத்தில் நாக்கைப் பிடித்துக்கொள்கிறார். பெரிய கப்பலைத் திருப்புவது சிறிய சுக்கான். பெரிய காட்டை எரிப்பது சிறிய நெருப்பு. நாக்கும் அப்படித்தான் என்கிறார். ஒரே வாயால் கடவுளைப் போற்றுவதும், அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பதும் எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வி.

இது நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் ‘இனியவை கூறல்’, ‘புறங்கூறாமை’, ‘பயனில சொல்லாமை’, ‘வாய்மை’ என்று தனித்தனி அதிகாரங்களே இருக்கின்றன. இந்த இடத்தில் குறளும் விவிலியமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

‘பேசாதே, செய்து காட்டு’ என்ற பொருளில் ஒரு வாசகம் புனித பிரான்சிஸ் அசிசியாரின் பெயரில் புலனத்தில் அடிக்கடி வருகிறது. அவர் எழுத்துகளில் அந்த வாசகம் இல்லை. சகோதரர்கள் தங்கள் செயல்களால் போதிக்க வேண்டும் என்று அவர் வகுத்த 1221ஆம் ஆண்டு ஒழுங்கு சொல்வது உண்மை. ஆனால் அவர் வாயாலும் ஊர் ஊராகப் போதித்தவர். எனவே வார்த்தை வேண்டாம் என்பது கிறிஸ்தவப் போதனை அல்ல. நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், ஆனால் அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்ல வேண்டும் என்று பேதுருவின் முதல் கடிதம் கூறுகிறது. கேட்பவர் இருக்க வேண்டும், சொல்பவரிடம் மரியாதை இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மறந்தால் சாட்சி சச்சரவாகிவிடும்.

பப்பான் ஊரின் மருந்தகம்

இந்த நாட்டு மண்ணில் இதற்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், பேராக் மாநிலத்தின் பப்பான் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

சிபில் கார்த்திகேசு 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். யூரேசியர், கத்தோலிக்கர், பயிற்சி பெற்ற தாதி. கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியவர். 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு, யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினர், இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் 1926 முதல் ஈப்போவில் மருந்தகம் நடத்தினார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது குடும்பம் பப்பானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் மீண்டும் மருந்தகத்தைத் திறந்தார். பகலில் ஊர் மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகள் காயத்தோடு வந்தபோது அவர்களுக்கும் இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடை செய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்துச் செய்தி கேட்டார். போராளிகளில் பலர் கம்யூனிஸ்டுகள். காயம்பட்டு வந்தவரிடம் அவர் கொள்கை கேட்கவில்லை.

1943இல் ஜப்பானியர் அவரைக் கைது செய்து கடுமையாகச் சித்திரவதை செய்தார்கள். யாருக்கெல்லாம் மருந்து கொடுத்தாய் என்பதே அவர்களின் கேள்வி. அவருடைய சின்னஞ்சிறு மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டியும் அவர்கள் கேட்டதைச் சிபில் சொல்லவில்லை. குழந்தை உயிர் தப்பினாள். சிபில் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார்.

1945இல் போர் முடிந்து, சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் உடல் தேறவில்லை. சித்திரவதையின்போது தாடையில் விழுந்த உதையின் காயம் நஞ்சாகி, 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், 48 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

அவர் வீரத்தைப் பலரும் பேசுகிறார்கள். நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பப்பானில் அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை. ஈப்போவில் பல ஆண்டுகள் தினமும் செய்த வேலையைத்தான் அங்கேயும் செய்தார்: கதவைத் தட்டியவருக்குத் திறப்பது, புண்ணைக் கழுவுவது, நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லாமல் இருப்பது. சாதாரண நாளில் பழகிய கையும் வாயும்தான் சோதனை நாளில் அவருக்கு உதவின.

நமக்கு இது எங்கே உரசும்?

‘இதையெல்லாம் நல்ல மனிதர் யாரும் செய்வாரே, இதில் கிறிஸ்தவம் எங்கே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல குணம் எந்த மதத்துக்கும் தனிச்சொத்து அல்ல. கிறிஸ்தவம் தன்னைப் பின்பற்றுபவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: இது உனக்கு விருப்பப் பாடம் அல்ல, கட்டாயப் பாடம்.

அந்தப் பாடத்தில் தவறும் இடங்களும் நமக்குத் தெரிந்தவையே. ஒருவர் வீட்டுச் சண்டையை ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் பத்து பேரிடம் சொல்வது. ஆலயத்தில் சமாதான வாழ்த்துச் சொல்லிவிட்டு, பெண் பார்க்கும்போது சாதி விசாரிப்பது. வாங்கிய சீட்டுப் பணத்தைக் கட்டாமல் காணிக்கையைத் தாராளமாகப் போடுவது. உதவி கேட்டு வந்தவரிடம் மதம் மாறச் சொல்வது. பக்கத்து வீட்டார் கும்பிடும் தெய்வத்தை மட்டமாகப் பேசுவது. இவற்றில் எதையும் ஞாயிறு ஆராதனை மறைத்துவிடாது. முதலில் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

சரியாக நடக்கும் இடங்களையும் தினமும் பார்க்கிறோம். தாமானில் தனியாக இருக்கும் முதியவரை மருத்துவமனை முறைநாளுக்குக் காரில் ஏற்றிச் செல்பவர் இருக்கிறார். தொழிற்சாலையில் சக ஊழியர் செய்யாத தவறுக்கு மேலாளர் முன் உண்மையைச் சொல்பவர் இருக்கிறார். அந்நியத் தொழிலாளரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கும் மேற்பார்வையாளர் இருக்கிறார். ‘தப்பு என்மேல்தான், மன்னிச்சிடு’ என்று பிள்ளையிடம் சொல்லும் அப்பாவும் இருக்கிறார். கடைசியாகச் சொன்னது பல வீடுகளில் மிகவும் கடினம்.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. அண்ணன் இந்து, தங்கை கிறிஸ்தவர் என்று ஒரே குடும்பத்தில் இரு நம்பிக்கைகள் இருப்பது நமக்குப் பழக்கமானது. தீபாவளிக்கு முறுக்கும் கிறிஸ்துமசுக்குக் கேக்கும் சுவர் தாண்டிப் போய்வருகின்றன. ஆனால் கல்யாணம், கருமாதி என்று வரும்போது ஒரு கடுஞ்சொல் போதும், பத்து ஆண்டு பேச்சுவார்த்தை நின்றுவிடும். தன் நம்பிக்கைக்கு ஒவ்வாத சடங்கில் ஒருவர் கலந்துகொள்ளாமல் இருக்கலாம். ஆனால் துக்கத்தில் கூட இல்லாமல் இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்தவரால்தான் குடும்பம் உடையாமல் இருக்கிறது.

எங்கள் ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. பாட்டிக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தோட்டம் விற்கப்பட்டு, லயமும் இடிக்கப்பட்டுவிட்டது. ஆயா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் அடக்க ஆராதனையன்று பாட்டிக்குப் பாட்டும் தெரியாது, ஜெபமும் தெரியாது. ஆலயத்தின் பின்பக்கம் போய், வந்தவர்கள் குடித்த காப்பிக் குவளைகளை ஒவ்வொன்றாகக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.