படம் எங்கே போச்சு?



இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டை எங்கள் பேட்ச் லேடெக் மென்பொருளில் நாங்களே தயாரித்தோம். டைப்பிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு. கட்டட வேலைக்குப் போகும் அப்பாவிடம் அதற்காகப் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கள் பெயர் இதுவரை அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான். அதனால் ரிப்போர்ட் பளிச்சென்று வரவேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம்!

லேடெக்கில் எழுத்து சீக்கிரம் வசப்பட்டுவிடும். ஆளைப் படுத்துவது படம்தான். "டூல் போஸ்ட் படத்தை இங்கேதானடா போட்டேன், மூணு பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கே!" என்ற புலம்பலை லேபில் தினமும் கேட்கலாம்.

டொனால்டு நூத் 1978-ல் வெளியிட்ட டெக் மென்பொருளின் மேல், லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். (இரண்டுமே இலவசம்!) இதில் 'ஃபிகர்' கட்டளைக்குள் வைத்த படம் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளாது, மிதக்கும். படத்தைப் பாதியாக வெட்ட முடியாதல்லவா? பக்கத்தில் இடம் போதாவிட்டால் படம் அடுத்த பக்கம் போகும். பின்னால் உள்ள வரிகள் முன்னேறி அந்த இடத்தை நிரப்பும்.

எங்கே வைக்கலாம் என்பதை ஹியர், டாப், பாட்டம், பேஜ் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்தால் நாம் சொல்லலாம். இதற்குள் ஒரு சட்டம் ஒளிந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில், மேலே வரும் படங்கள் பக்க உயரத்தில் 70 சதவீதத்தையும், கீழே வருபவை 30 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. பெரிய அசெம்பிளி டிராயிங்குக்கு டாப் மட்டும் கொடுத்தால், அது இடம் கிடைக்காமல் நிற்கும். படங்கள் வரிசை மாறக்கூடாது என்பதால் பின்னால் உள்ளவையும் நிற்கும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் கார்டில் சிக்கல் என்றால் மொத்த க்யூவும் வெயிலில் காயுமே, அதே கதை! அத்தியாயம் முடியும்போது எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். நான்கு எழுத்தையும் கொடுத்துவிடுங்கள். பேஜ் இருந்தால் பெரிய படம் தனிப் பக்கம் எடுத்துக்கொண்டு மற்றவைக்கு வழிவிடும்.

'ஃப்ளோட்' பேக்கேஜைச் சேர்த்து, பெரிய எச் போட்டு, படத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்துபவர்களும் உண்டு. பல இடத்தில் அரைப்பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

படம் நகரும் என்பதால் 'கீழே உள்ள படத்தில்' என்று எழுதவே கூடாது. கேப்ஷனுக்கு அடுத்து லேபிள், வரியில் ரெஃப். லேபிள் முந்திக்கொண்டால் படத்தின் எண்ணுக்குப் பதில் அந்தப் பிரிவின் எண் வந்து நிற்கும். முதல் ஓட்டத்தில் இரண்டு கேள்விக்குறி தெரியும். பயப்படாதீங்க, இன்னொரு தடவை ஓட்டுங்க. நடுவில் புதுப்படம் சேர்த்தாலும் எண்கள் தானே மாறிக்கொள்ளும். வைவாவில் எக்ஸ்டர்னல் "படம் 7 எங்கேப்பா?" என்று புரட்டும்போதுதான் இதன் அருமை தெரியும்.

கோட்டுப்படத்தை ஆட்டோகேடிலிருந்து பி.டி.எஃப். ஆகவே எடுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. திரையைப் படம்பிடித்துப் போட்டால் உடையும். 600 புள்ளி அகலமுள்ள படத்தை 6 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான். அச்சுக்கு 300 இருந்தால் நல்லது. போட்டோவுக்கு ஜே.பி.ஜி. போதும்.

அகலத்தைச் சென்டிமீட்டரில் சொல்லாமல், 'டெக்ஸ்ட்விட்த்'தில் 0.8 பங்கு என்று கொடுங்கள். பைண்டிங்குக்காக இடது மார்ஜினைக் கூட்டினாலும் படம் தானே சுருங்கிக்கொள்ளும். எங்கள் கைடு இரண்டு முறை கூட்டச் சொன்னார்!