சிவப்பழகு விளம்பரங்கள்: சட்டத்தின் பார்வை படாத அவமதிப்பு

புது தில்லி: தனக்கொரு மகன் இல்லையே என்று பெருமூச்சு விடுகிறார் தந்தை. அதைக் கேட்டு மனம் நொந்த மகள் சிவப்பழகு கிரீமைப் பூசிக் கொள்கிறாள். நிறம் மாறுகிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, பெற்றோரின் மனக்குறை தீர்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பான ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரத்தின் கதை இது. மகளின் படிப்புக்கும் திறமைக்கும் அதில் வேலையே இல்லை.

1975-இல் சந்தைக்கு வந்த அந்தக் கிரீமின் விளம்பரங்களை எதிர்த்து அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. அப்போது அதன் பொதுச் செயலராக இருந்தவர் பிருந்தா காரத். புகார் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குச் சென்றது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டது. 2003-இல் விமானப் பணிப்பெண் விளம்பரம் திரையிலிருந்து மறைந்தது. ஆனால், நிறத்தை வெற்றியுடன் முடிச்சுப் போடும் வழக்கம் மறையவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடை செய்யும் சட்டம் 1986-லேயே இயற்றப்பட்டது. ஆபாசம் மட்டுமன்றி, பெண்களை இழிவுபடுத்தும் வகையில் அவர்களது உடலைச் சித்தரிப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது. கேபிள் தொலைக்காட்சி விதிகளும் பெண்களை இழிவாகக் காட்டும் விளம்பரங்களைத் தடுக்கின்றன. ஆயினும், ஆடை குறைந்த சுவரொட்டிக்கு எதிராக எழும் குரல், முழுக்க உடுத்திய பெண்ணை அவளது நிறத்தைச் சொல்லித் தாழ்த்தும்போது எழுவதில்லை. அநாகரிகம் என்றால் ஆடைக் குறைவு என்றே நாம் பழகிவிட்டோம்.

இந்த மௌனத்தைக் கலைத்தவற்றுள் ஒன்று, சென்னையிலுள்ள விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் தொடங்கிய 'கருப்பே அழகு' என்ற பொருள்படும் இயக்கம். நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்குத் துணை நின்றபோது நாடே திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டு, விளம்பரத் துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், கருத்த நிறத்தவரை அழகற்றவர்களாகவோ வாழ்வில் தோற்றவர்களாகவோ காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. ஆனால், புகார் வந்து விசாரித்து முடிப்பதற்குள் விளம்பரம் வீடுதோறும் நுழைந்து தன் வேலையை முடித்து விடுகிறதே!

2020 ஜூனில், அமெரிக்காவில் கருப்பினத்தவர் உரிமைக்கான போராட்டம் உலகெங்கும் எதிரொலித்த வேளையில், 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கிரீம் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சிவப்பு போய் பொலிவு வந்தது.

சிக்கல் ஒரு கிரீமோடு முடிவதன்று. 2019-இல் வெளியான ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய விளம்பரங்களை யுனிசெஃப் அமைப்பும் ஜீனா டேவிஸ் நிறுவனமும் ஆராய்ந்து 2021-இல் அறிக்கை வெளியிட்டன. பெண் பாத்திரங்களில் 66.9 சதவீதத்தினர் வெளிர் நிறத்தவர் அல்லது அதற்கு நெருங்கிய நிறத்தவர்; ஆண்களில் இது 52.1 சதவீதம். குடும்பத்துக்கு ஆண் எந்த நிறத்திலும் இருக்கலாம், பெண் சிவப்பாக இருக்க வேண்டும் என்ற திருமணச் சந்தையின் கணக்கு விளம்பரத்திலும் செல்லுபடியாகிறது.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை மின்னணு ஊடகங்களுக்கும் இணையத்துக்கும் விரிவுபடுத்தும் திருத்த மசோதா 2012-இல் மாநிலங்களவையில் அறிமுகமானது. ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்காக எந்தக் கட்சியும் அவையை முடக்கவில்லை.

தணிக்கை கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பெண் என்ன உடுத்துவது என்று அரசு ஆணையிடுவதை எவரும் ஏற்க முடியாது. இங்கு எழுவது வேறு கேள்வி. பிறந்த நிறத்தைக் குறையென்று சொல்லிப் பொருள் விற்கும் உரிமை வணிகத்துக்கு உண்டா? பள்ளிச் சிறுமி கண்ணாடி முன் நின்று தன்னையே வெறுக்கத் தொடங்கினால், அந்த இழப்புக்குப் பொறுப்பேற்பது யார்? நாடாளுமன்றம் பதில் சொல்லியாக வேண்டும்.