உங்களுக்குத் தெரியுமா? கோட்டுக்குள் துப்பாக்கி

அமெரிக்க அதிபரின் பாதுகாவலர்கள் பெரும்பாலும் கோட்டுப் பொத்தானைப் போடுவதில்லை. அலட்சியமல்ல, இடுப்பில் இருக்கும் துப்பாக்கி சட்டென்று கைக்கு வர வேண்டும். ஆனால் அதை மறைப்பது கோட்டு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி வேலை பெல்ட்டினுடையது. கிளாக் 19 போன்ற நடுத்தர அளவுத் துப்பாக்கியே குண்டு நிரப்பினால் ஏறத்தாழ 850 கிராம். ஆபீசுக்குப் போடும் மெல்லிய பெல்ட்டில் மாட்டினால் உறை வெளிப்பக்கம் சாயும், பிடி கோட்டைக் குத்திக்கொண்டு நிற்கும். விறைப்பான, தடித்த பெல்ட் அதை உடம்போடு ஒட்ட வைக்கும். தையல்காரர் இடுப்பருகே கொஞ்சம் தளர்த்தினால் போதாதா என்றால், நிற்கும்போது போதும். குனிந்ததும் துணி இழுபட்டுப் பிடியின் அச்சு அப்படியே தெரிந்துவிடும்.

சினிமாவில் வருவதுபோல் அக்குளுக்கடியில் தொங்கவிடலாமே? பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் திறந்த கோட்டு காற்றில் விலகினாலே தோள்வார் வெளியே தெரியும். மார்புக்குக் குறுக்கே உருவும்போது குழல் பக்கத்தில் நிற்பவரைக் கடந்து வரும். கூட்டத்துக்கு நடுவே நிற்கும் காவலருக்கு இது உதவாது. கணுக்காலில் கட்டினாலோ எடுப்பதற்குக் குனிய வேண்டும். அதனால்தான் இடுப்பு. சிலர் கோட்டின் பக்கப் பையில் கொஞ்சம் கனம் போட்டு வைப்பதும் உண்டு, கை வீசியதும் கோட்டின் ஓரம் பின்னால் ஒதுங்குவதற்காக. பெல்ட் தாங்காதது பெட்டிக்குப் போகும்: 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அப்போதைய அதிபர் ரீகன் சுடப்பட்டபோது, ஒரு காவலர் கைப்பெட்டியில் இருந்த உஸி இயந்திரத் துப்பாக்கியை எடுத்து நின்றதைப் படங்களில் பார்க்கலாம்.