குழாய்க்குள் ஒரு சுழல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கத்தைக் கடந்து செல்வோர் நாசியைத் தாக்கும் சர்க்கரை ஆலையின் வாசனையை அறிவர். ஆனால் கரும்பைப் பிழிவதற்கு நிகரான சிரமம், பிழிந்த சாற்றைச் சூடேற்றுவதில் உண்டு என்பதைப் பலர் அறியார். சர்க்கரை ஆலைகளில் சாறு ஏறக்குறைய 70 டிகிரி வரை ஒருமுறையும், சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்ந்த பிறகு 100 டிகிரிக்குச் சற்று மேலாக மறுமுறையும் சூடேற்றப்படுகிறது. இதற்கென உள்ள ஜூஸ் ஹீட்டர் எனப்படும் சாதனத்தில் குழாய்களுக்குள் சாறு ஓட, வெளியே நீராவி சூழ்ந்து நிற்கும்.

இத்தகைய வெப்பப் பரிமாற்றிகளில் உஷ்ணத்தைத் தடுப்பது பெரும்பாலும் குழாயின் உலோகமன்று. அதன் உட்சுவரை ஒட்டி, ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கும் திரவப் படலமே. அடுப்பிலேற்றிய பாயசத்தைக் கிளறாமல் விட்டால் அடி பிடிப்பதும் மேற்புறம் சூடேறாதிருப்பதும் இதே காரணத்தால்தான். குழாய்க்குள் கரண்டி விட்டுக் கிளற இயலாது. ஆகவே, நீண்ட மெல்லிய உலோகத் தகடொன்றைத் திருகி உள்ளே செருகிவிட்டால், ஓடுகின்ற திரவம் தானே சுழன்று, நடுவிலுள்ள குளிர்ந்த, அடர்ந்த பகுதி மையவிலக்கு விசையால் சுவரை நோக்கித் தள்ளப்பட, அங்கே தேங்கிய படலம் கலைந்துபோகிறது.

இந்த யுக்தி புதிதன்று. நீராவிக் கொதிகலன்களின் தீக்குழாய்களில் இவ்வாறு தகடு செருகிப் பார்த்த விதாம் என்பவரின் ஆய்வு 1896-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. (மின் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினைப் பூட்டிய பழைய மீட்டர் கேஜ் காலத்து விழுப்புரம் சந்திப்பை நினைவில் வைத்திருப்போர் அத்தகைய கொதிகலன்களை அருகிருந்தே பார்த்திருப்பர்.) நம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிவசண்முகமும் சுரேஷும், திருகாணி வடிவச் செருகுதகடுகளைச் சோதித்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நிதானமாக ஓடும் திரவத்தை எடுத்துக்கொண்டது.

சுழலுக்கு விலையும் உண்டு. உராய்வு பெருகுவதால் பம்ப் அதிகமாக உழைக்க வேண்டும். செலவிடும் பம்ப் சக்தியை மாற்றாமல் ஒப்பிடுவதற்கு, வெப்பம் பெருகிய மடங்கை உராய்வு பெருகிய மடங்கின் கனமூலத்தால் வகுப்பது வழக்கம். வெப்பம் இரண்டு மடங்காகி உராய்வு எட்டு மடங்கானால், எட்டின் கனமூலம் இரண்டாகையால், கிடைத்த லாபம் பூஜ்யமே! வெப்ப மடங்கை மட்டும் பறைசாற்றி உராய்வைப் பற்றி வாய் திறவாத விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

கரும்புச் சாற்றுக்கு இத்தகட்டைச் சிபாரிசு செய்யவும் எனக்குத் தயக்கமே. சாற்றில் மிதக்கும் சக்கைத் தூள் தகட்டில் சிக்கும். சுவரில் படிந்து இறுகும் உப்புகளைச் சுரண்டக் கம்பித் தூரிகை நுழைய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் தகட்டை உருவியாக வேண்டும். பிசுபிசுப்பு மிகுந்து, மந்தமாக ஓடி, தானாகக் கலங்காத எண்ணெயே இதற்கு உகந்தது. டி.எம்.வி. என்று தன் பெயரின் சுருக்கத்தையே மணிலா (மல்லாட்டை, அதாவது நிலக்கடலை) ரகங்களுக்குத் தந்த திண்டிவனத்துப் பக்கத்தில், வடிகட்டிய மல்லாட்டை எண்ணெயைச் சூடேற்றவோ ஆற்றவோ வேண்டியவர்களுக்கு இது பிரயோஜனப்படும். குழாயின் முழு நீளத்துக்கும் தகடு வேண்டுமென்பதுகூட இல்லை; தொடக்கத்தில் மட்டும் செருகினால், தகடு முடிந்த பின்பும் சுழல் சிறிது தூரம் நீடித்துப் படிப்படியாகத் தேயுமாதலால், உராய்வில் கணிசமான பகுதியைத் தவிர்க்கலாம்.