வாய்ப் பூஞ்சை மருந்து: எச்சிலோடு போன பிறகும் வேலை செய்கிறது

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா? பொய்ப்பல்லுக்கு அடியில் மேலண்ணம் சிவந்து எரிகிறதா? கேண்டிடா என்னும் பூஞ்சை காரணமாக இருக்கலாம். ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இது பலருடைய வாயில் தொந்தரவின்றி இருப்பதுதான். இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லாதபோதும், பொய்ப்பல்லைக் கழற்றாமலே தூங்கும்போதும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சிய பின் வாய் கொப்பளிக்காதபோதும் பெருகிவிடும்.

பாரிட் புந்தார் வட்டாரத்தில் கிளினிக்குக்கு வரும் உங்களுக்கு இதற்காக நிஸ்டாட்டின் என்னும் திரவ மருந்து தரப்படலாம். வழக்கமாக நாளைக்கு நான்கு வேளை. "கொஞ்ச நேரத்தில் எச்சிலோடு போய்விடும் மருந்து அடுத்த வேளை வரைக்கும் எப்படித் தாங்கும்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

இலங்கையைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர்கள் எல்லேபொல, சமரநாயக்க இருவரும் 1990களில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்த கேண்டிடாவை ஒரு மணி நேரம் மட்டும் மருந்தில் வைத்துவிட்டு, பிறகு மருந்தை அகற்றினார்கள். நிஸ்டாட்டினில் இருந்த பூஞ்சை உடனே வளரவில்லை. மீண்டும் வளரப் பல மணி நேரம் பிடித்தது. கன்னத்துத் தோல் அணுக்களிலும் பொய்ப்பல் செய்யும் அக்ரிலிக்கிலும் ஒட்டிக்கொள்ளும் திறனும் குறைந்திருந்தது. ஒட்ட முடியாத பூஞ்சையை எச்சிலே அடித்துச் செல்லும்.

நிஸ்டாட்டின் பூஞ்சையின் மேலுறையைப் பிடித்துச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதம் சரியாக நேரமாகும். ஃபுளுகோனசோல் மாத்திரை வேறு விதம். இந்தச் சோதனையில் அதற்கு அப்படிப்பட்ட பின்விளைவு ஏறக்குறைய இல்லை. ஆனால் அது இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதால் நாளைக்கு ஒருமுறை போதும்.

ஆக, மருந்து பூஞ்சையின் மேல் படுவதுதான் முக்கியம். முதலில் பொய்ப்பல்லைக் கழற்றுங்கள். புட்டியை நன்றாகக் குலுக்கி, சொன்ன அளவை வாயில் ஊற்றி, முடிந்தவரை நேரம் இருபக்கமும் சுழற்றிய பின் விழுங்குங்கள். மருந்து குடித்த கையோடு தேநீர் குடிப்பது நம் வீடுகளில் நடப்பதுதான், சற்றுப் பொறுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டு மடங்கு குடிக்க வேண்டாம். வெள்ளை மறைந்ததும் நிறுத்தாமல் குறைந்தது இன்னும் இரண்டு நாள் தொடருங்கள். இரவில் பொய்ப்பல்லைத் துலக்கி, கழற்றி வைத்துத் தூங்குங்கள். இல்லையென்றால் அதிலிருக்கும் பூஞ்சை திரும்ப வாய்க்கே வரும்.

சில வகை நிஸ்டாட்டின் மருந்தில் சர்க்கரை உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்கள் மருந்தாளரிடம் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், தெரிந்தவர் கொடுத்த மைகோனசோல் வாய்க்களிம்பைத் தடவவே கூடாது, இரத்தப்போக்கு ஏற்படலாம். ஃபுளுகோனசோல் தரப்பட்டாலும் வார்ஃபரின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால், அல்லது மருந்து முடிந்தும் புண் ஆறாவிட்டால், தாமதிக்காமல் கிளினிக்குக்கு வாருங்கள்; வரும்போது பொய்ப்பல்லையும் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கொண்டு வாருங்கள்.