வெள்ளைப்படுதல்: கைவைத்தியம் எதுவரை?

எது இயல்பு?

பெண்ணுறுப்பில் தினமும் கொஞ்சம் நீர் சுரப்பது நோய் இல்லை. கருமுட்டை வெளியாகும் நாட்களில் அது முட்டையின் வெள்ளைக்கரு போல இழையாக வரும், மாதவிலக்குக்கு முன் சற்றுக் கெட்டியாகும், கர்ப்பகாலத்தில் அதிகமாகும். நாற்றம், அரிப்பு, எரிச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லையென்றால் அதற்கு வைத்தியமே தேவையில்லை. எலும்பு உருகித்தான் வெள்ளையாக வெளியேறுகிறது, அதனால்தான் இடுப்பு வலிக்கிறது என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எலும்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களிடம் கிருமித்தொற்றைவிட மனச்சுமையோடும் உடல் அசதியோடும்தான் அந்தப் புகார் நெருக்கமாகச் சேர்ந்து வந்தது. அதனால் அசதியோடு வரும் பெண்ணுக்கு முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் என்ன பாடு என்றும் கேட்க வேண்டும்.

குடிப்பது வேறு, கழுவுவது வேறு

சிவகாசி பக்கத்து விஸ்வநத்தம் போன்ற ஊரில் வெள்ளைப்படுதலுக்குச் சொல்லப்படும் பக்குவங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: ஊறவைத்த வெந்தயம், சோறு வடித்த கஞ்சித் தண்ணீர், நீர்மோர், சோற்றுக்கற்றாழை. கஞ்சியும் மோரும் அளவாகச் சாப்பிடும் வெந்தயமும் உணவுதான், யாருக்கும் பெரிய கெடுதல் செய்யாது. கற்றாழையைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. ஆபத்து தொடங்குவது வேப்பிலை வெந்நீர், படிகாரத் தண்ணீர், டெட்டால் என்று உள்ளே விட்டுக் கழுவும்போதும், பூண்டையோ தயிரையோ உள்ளே வைக்கும்போதும்தான். பெண்ணுறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பி.எச். அளவை 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் வைத்திருக்கின்றன. மற்ற கிருமிகளை அண்டவிடாமல் தடுப்பது அந்த அமிலம்தான். உள்ளே கழுவக் கழுவ அதுவும் சேர்ந்து போகிறது. படிகாரம் சவ்வை உலர்த்திவிடும், பச்சைப் பூண்டு புண்ணாக்கும். தயிரில் இருப்பதும் அதே நல்ல கிருமிதானே என்பார்கள். பெயரில் உறவு உண்டு, ஆனால் பால் உறைய வைக்கும் வகை வேறு, உடலில் குடியிருக்கும் வகை வேறு. வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரில், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும்.

மூன்று நோய், இரண்டு வகை மருந்து

நோயாகிப் போன வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மூன்று வகை. சாம்பல் கலந்த வெள்ளையாக, நீர்த்து, மீன்வாடை அடித்தால் பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டிருக்கிறது. திரிந்த பால் போலத் திப்பிதிப்பியாக வந்து அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் கேண்டிடா என்ற பூஞ்சை. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. இது உடலுறவில் பரவுவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் மெட்ரோனிடசோல் வகை மருந்து, இரண்டாவதற்கு குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி. மெட்ரோனிடசோல் பூஞ்சையைத் தொடாது, பூஞ்சைக்கொல்லி மற்ற இரண்டையும் குணப்படுத்தாது. டிரைகோமோனாஸ் என்றால் கணவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம், மனைவி மட்டும் சாப்பிட்டால் திரும்பத் திரும்ப வரும். இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும், நிறத்தை மட்டும் வைத்து மருத்துவரே ஏமாறுவதுண்டு. என் வாதம் இதுதான்: கைவைத்தியத்தின் குறை வெந்தயத்திலோ மோரிலோ இல்லை. எந்த நோய் என்று கேட்காமலே எல்லாவற்றுக்கும் 'சூடு' என்று ஒரே பெயர் வைத்துவிடுவதில் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரைக்கும் இதே குறை உண்டு.

'பாட்டிக்குச் சரியானதே?'

சரியாகியிருக்கலாம். இயல்பான சுரப்பு தானாகவே கூடும், தானாகவே குறையும். லேசான பாக்டீரியா கோளாறும் சிலருக்குத் தானே அடங்கும். அந்த வாரம் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். சரியாகாத பாட்டிமாரின் கணக்கை நம் ஊரில் யாரும் எடுத்ததில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் ராணி பாங், அபய் பாங் இருவரும் அதற்கு நெருக்கமான ஒரு கணக்கை எடுத்தார்கள். 1989-ல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில், இரண்டு கிராமங்களின் 650 பெண்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துகிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, கேள்வி கேட்டு மருந்து தருகிறார். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு உண்டு. கைப்பேசி வீடியோ பார்த்து உள்ளே எதையோ வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆலையில் உட்கார்ந்திருக்கும் உடம்பு

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எழுந்து போனால் கூலி குறையும் என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி, மாதவிலக்கு நாப்கினைக் காலையிலிருந்து மாலைவரை மாற்றாமல் தரையில் அமர்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் தோல் புண்ணுக்கும் இது நேர்வழி. அலுமினியப் பொடி முழங்கைவரை படிந்த கையோடு கழிப்பறைக்குப் போனால் மென்மையான இடம் எரியும். போய் வந்த பிறகு மட்டுமல்ல, போவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நைலான் துணியில் மின்னூட்டம் உண்டாகும், தீப்பிடிக்கும் என்பதால் பட்டாசு வேலைக்குப் பருத்தி உடைதான் போட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உள்ளாடையும் பருத்தியாக இருந்தால் வெக்கையில் பூஞ்சைக்கும் அது தடை. அடிக்கடி கேண்டிடா வருகிறவர்கள் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே அதைக் கேட்கலாம்.

மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகுமே, ஆண் டாக்டர் இருப்பாரே என்ற தயக்கம் நியாயமானது. முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். எங்கே, என்றைக்குப் பெண் மருத்துவர் இருப்பார் என்று அவருக்குத் தெரியும். சிவகாசியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் போகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. அது இலவசம் இல்லை, நீங்கள் கட்டிய பணம். போனால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் அந்தச் சோதனையை ஒரே ஒரு முறை செய்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் வெளியான ஆய்வு இது. முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

ரத்தம் கலந்த வெள்ளை, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு கசிவு, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, கர்ப்பத்தில் நாற்றமுள்ள வெள்ளை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வெந்தயம் ஊறும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.