கீத ஆராதனை

கீத ஆராதனை என்பது கிறித்துமசு பண்டிகையை முன்னிட்டு, திருச்சபைகளில் பாடகர் குழுவினரால் நடத்தப்படும் இசை வழிபாடு ஆகும். திருமறைப் பகுதிகளின் வாசிப்பும் கிறித்து பிறப்புப் பாடல்களும் மாறி மாறி இடம்பெறுவது இதன் சிறப்பியல்பாகும். சென்னையின் பல தேவாலயங்களில் இது திசம்பர் மாதத்தில் நடைபெறுகின்றது.

வரலாறு

இவ்வழிபாட்டின் பரவலான வடிவம் 'ஒன்பது பாடங்களும் கீதங்களும்' என்பதாகும். இங்கிலாந்தின் துரூரோ நகரில், பேராலயம் கட்டப்பட்டு வந்ததால் தற்காலிக மரக் கட்டடம் ஒன்றில், பேராயர் எட்வர்ட் பென்சன் 1880 திசம்பர் 24 அன்று இதனை நடத்தினார். 1918 இல் கேம்பிரிட்ச் கிங்சு கல்லூரிச் சிற்றாலயத்தில் தொடங்கப்பட்டு, 1928 இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பானதன் மூலம் இது உலகெங்கும் அறியப்பட்டது.

அமைப்பு

முதல் பாடம் ஆதாமின் வீழ்ச்சியையும், இறுதிப் பாடம் வார்த்தை மனுவுருவானதையும் கூறுகின்றன. துரூரோவில் பாடகச் சிறுவன் முதல் பேராயர் வரை ஏறுவரிசையில் பாடங்களை வாசித்தனர்.

பாடகர் குழு பொதுவாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்களாகப் பிரிக்கப்படும். கருநாடக இசையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவர். இங்கோ ஒவ்வொரு பிரிவும் தனித்தனி மெட்டைப் பாட, அவை ஒத்திசைந்து ஒலிக்கின்றன. உயர்ந்த கூரையுடைய ஆலயங்களில் ஒலி உடனே அடங்காது எதிரொலிப்பதால், மிக விரைவாகப் பாடினால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஈற்று மெய்யெழுத்தை அனைவரும் ஒரே நொடியில் ஒலிப்பதும் இன்றியமையாதது.

தமிழில் பாடுதல்

மேலை மெட்டுகளுக்கு மொழிபெயர்க்கப்பட்ட பாடல்கள் பாமாலைகள் எனவும், இந்திய இராகங்களில் அமைந்தவை கீர்த்தனைகள் எனவும் அழைக்கப்படுகின்றன. பாமாலைகளில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். 'கலை' என்னும் சொல்லின் முதலெழுத்து நீண்ட சுரத்தில் அமைந்தால் அது 'காலை' என ஒலிக்கும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பொருளுடன் சுரத்தின் நீளத்தையும் கருத வேண்டியுள்ளது. தஞ்சை வேதநாயகம் சாசுதிரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகள் தமிழிலேயே இயற்றப்பட்டவை. எனவே அவற்றில் மொழிபெயர்ப்பால் எழும் இந்த இடர்ப்பாடு இல்லை.

சென்னையில்

கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயம் 1816 இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று இங்குதான் தொடங்கி வைக்கப்பட்டது. மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் பேராலயத்தின் தற்போதைய கோத்திக் பாணிக் கட்டடம் 1896 இல் திறக்கப்பட்டது. 1893 இல் நிறுவப்பட்ட மெட்ராசு மியூசிக்கல் அசோசியேசன், நகரின் பழமையான மேலையிசைப் பாடகர் குழுக்களுள் ஒன்றாகும்.

கீத ஆராதனை இசைக் கச்சேரியினின்றும் வேறுபட்டது. இது வழிபாடாகையால் நுழைவுச்சீட்டு இல்லை. பாடல்களுக்கு இடையே கைதட்டுவதும் மரபன்று. சில பாடல்களைச் சபையார் எழுந்து நின்று பாடகர் குழுவுடன் சேர்ந்து பாடுவர். கேட்க வந்தவர்களும் பாடுபவர்களாவதே இவ்வழிபாட்டைக் கச்சேரியிலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மையான கூறாகும்.